வெளிநாட்டு இன்டர்ன்ஷிப்புக்குக் கட்டணம் கட்டும் முன் படியுங்கள்

வெளிநாட்டுக் கிராமங்களில் உள்ளூர்ப் பொருளாதார வளர்ச்சிக்காக வேலை செய்யலாம், அனுபவமும் சான்றிதழும் கிடைக்கும் என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டத் தயாராக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படி ஒரு நிறுவனம் மூலமாகப் போய் ஏமாற்றப்பட்டுத் திரும்பியிருக்கிறேன். என் பணம் போனதுகூடப் பரவாயில்லை. அந்த ஊர்ப் பெண்களை முன்னால் நிறுத்தி இவர்கள் நடத்தும் வியாபாரத்தைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அவர்கள் அனுப்பிய கடிதத்தில் வேலை பற்றிச் சில வரிகள்தான் இருந்தன. பெண்கள் சேமிப்புக் குழுக்களுக்குக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டும், விளைபொருட்களுக்குச் சந்தை தேட வேண்டும், சிறுதொழில் செய்கிறவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். திட்டக் கட்டணம் என்று மொத்தமாக ஒரு தொகை. தங்குமிடம், சாப்பாடு, மேற்பார்வை, சமூகத்துக்கான பங்களிப்பு எல்லாம் அதில் அடக்கம் என்றார்கள். எதற்கு எவ்வளவு என்று கேட்டால் பதில் இல்லை. பணத்தை அனுப்பச் சொன்ன வங்கிக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லை, ஒரு தனிநபர் பெயரில் இருந்தது.

விசா விஷயம் இதைவிட மோசம். சுற்றுலா விசா போதும், விமான நிலையத்தில் கேட்டால் ஊர் சுற்றிப் பார்க்க வந்ததாகச் சொல்லிவிடுங்கள் என்றார்கள். நான் அடம்பிடித்து முறையான அனுமதி வாங்கினேன், அந்தச் செலவும் என் தலையில்தான் விழுந்தது. உங்களிடம் யாராவது இப்படிச் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். சம்பளம் வாங்காமல் செய்யும் வேலைக்கும் பல நாடுகளில் தனி அனுமதி வேண்டும். பிடிபட்டால் விமானம் ஏற்றித் திருப்பி அனுப்பப்படுவது நீங்கள்தான், கடிதம் கொடுத்தவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, மேற்பார்வையாளர் என்று கடிதத்தில் இருந்தவர் அந்த நாட்டிலேயே இல்லை. உள்ளூர் அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் ஒருவர்தான் வண்டி பிடிப்பது முதல் மொழிபெயர்ப்பது வரை எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்தார். அவருக்கே சம்பளம் பாக்கி. எங்கள் கட்டணத்திலிருந்து அவர்களுக்கு வருவது அலுவலக வாடகைக்கும் பெட்ரோலுக்குமே பத்தவில்லை என்று கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டினார்.

முதலில் கொடுத்த வேலை, வீடு வீடாகப் போய் வருமானம், கடன், கால்நடை பற்றிக் கேள்வி கேட்டு எழுதுவது. எங்களைப் பார்த்ததுமே ஒரு பாட்டி, நான் வாயைத் திறக்கும் முன்பே, எத்தனை ஆடு, எத்தனை கோழி என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அலுவலக அலமாரியைத் திறந்தபோது காரணம் புரிந்தது. எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் நிரப்பிய அதே படிவங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. அதே கேள்விகள், அதே வீடுகள். கட்டுகளில் போட்ட நூல்கூட அவிழ்க்கப்படவில்லை. அதை வைத்து ஒரு அறிக்கைகூட எழுதப்படவில்லை என்றார் ஒருங்கிணைப்பாளர்.

அப்புறம் சேமிப்புக் குழுக் கூட்டம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நடுவில் ஓர் இரும்புப் பெட்டி, அதற்கு மூன்று பூட்டு, மூன்று சாவியும் மூன்று வெவ்வேறு பெண்களிடம். மூவரும் வந்தால்தான் பெட்டி திறக்கும். பெயரைக் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக வந்து ஒன்று முதல் ஐந்து பங்கு வரை வாங்குகிறார்கள். பங்கு என்றால் குழுவே முடிவு செய்த ஒரு சேமிப்புத் தொகை. ஒரு பங்குக்குப் பாஸ்புக்கில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். எழுதப் படிக்கத் தெரியாதவரும் முத்திரைகளை எண்ணித் தன் சேமிப்பு எவ்வளவு என்று சொல்லிவிடுவார். பெட்டியைப் பூட்டும் முன் மீதித் தொகையைச் சத்தமாக அறிவித்து எல்லோரும் மனதில் வைத்துக்கொள்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் முதல் வேலையே அந்தத் தொகை சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பதுதான். அதிலிருந்து கடனும் வாங்கிக்கொள்கிறார்கள். ஏறக்குறைய ஒரு வருடத்தில் சுற்று முடிந்ததும், சேமிப்பையும் வட்டியையும் பங்குக்கு ஏற்றபடி பிரித்துக்கொள்கிறார்கள். 1991ல் மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் கேர் (CARE) என்ற சர்வதேச உதவி அமைப்பு ஆரம்பித்து வைத்து, பிறகு பல நாடுகளுக்குப் பரவிய முறை இது.

இவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கத்தான் கடை ஒன்றும் நடத்திப் பார்க்காத கல்லூரிப் பிள்ளைகளிடம் பணம் வாங்கி அனுப்புகிறார்கள். அந்தக் குழுவோ இந்த நிறுவனம் அங்கே காலடி வைப்பதற்கு முன்பிருந்தே நடக்கிறது. ஆனால் நிறுவனத்தின் விளம்பரத்தில் இன்டர்ன்கள் உருவாக்கிய குழு என்று அதே பெண்களின் படம் இருக்கிறது. படம் எடுக்க அவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

இதிலும் மன்னிக்கவே முடியாதது ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் தொழில் தொடங்கப் பணம் கொண்டுவருவார்கள் என்று நிறுவனத்தின் ஆள் குழுவிடம் சொல்லி வைத்திருந்தார். இதை நம்பி ஒரு அம்மா தையல் இயந்திரத்துக்கு முன்பணம்கூடக் கொடுத்திருந்தார். எங்களிடம் அப்படி ஒரு பணமே கிடையாது என்று சொன்னபோது கூட்டத்தில் யாரும் பேசவில்லை. இந்த வேலையில் அனுபவமுள்ள அமைப்புகள் புதிய குழுவின் பெட்டியில் வெளிப்பணத்தைப் போடவே தயங்கும். இலவசப் பணம் வரும் என்று தெரிந்தால் சொந்தச் சேமிப்பில் இருக்கும் கண்டிப்பு குலைந்துவிடும். இவர்கள் பணமும் தரவில்லை, ஆசையை மட்டும் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

நான் ரீஃபண்ட் கேட்டேன். ஒப்பந்தப்படி வழக்கென்றால் மூன்றாவது ஒரு நாட்டில்தான் போட முடியும் என்று பதில் வந்தது. சான்றிதழ் வேண்டுமென்றால் அவர்களே எழுதி அனுப்பிய பாராட்டுரையில் என் பெயரைப் போட்டுத் தர வேண்டுமாம். நான் தரவில்லை, சான்றிதழும் வரவில்லை.

கட்டணம் வாங்குகிற எல்லோரும் மோசடிக்காரர்கள் என்று சொல்லவில்லை. தங்க, சாப்பிடச் செலவாகும், அதைக் கணக்குக் காட்டி வாங்கினால் சரி. ஆனால் வேலைக்குச் சேர்வதற்கே பணம் என்றால் சந்தேகப்படுங்கள். ஐ.நா. ஆள் எடுக்கும் எந்தக் கட்டத்திலும் விண்ணப்பதாரரிடம் கட்டணம் வாங்குவதில்லை என்று வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. அதன் பெயரைச் சொல்லிப் பணம் கேட்டால் அது பொய். ஐ.நா. தலைமைச் செயலக இன்டர்ன்ஷிப்பில் சம்பளம் கிடையாது என்பது வேறு பிரச்சினை. 2015ல் ஜெனீவாவில் ஓர் இன்டர்ன் கூடாரத்தில் தங்கியது உலகச் செய்தியானது. ஐ.நா. குடும்பத்தைச் சேர்ந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்போ தன் இன்டர்ன்களுக்கு உதவித்தொகை தருகிறது. அதே அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கை, எண் 181, தனியார் முகவர்கள் வேலை தேடுவோரிடம் பொதுவாகக் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. எல்லா நாடுகளும் இதை ஏற்கவில்லை. நாங்கள் தருவது வேலை அல்ல, அனுபவம் என்று சொல்லி இந்த நிறுவனங்களும் நழுவிவிடுகின்றன.

அதனால் பணம் கட்டும் முன் உள்ளூர் அமைப்பின் பெயரை வாங்கி அவர்களிடம் நேராகப் பேசுங்கள். இந்த வேலைக்கு ஆள் வேண்டும் என்று கேட்டது அவர்களா, கட்டணத்தில் அவர்களுக்கு எவ்வளவு போகிறது, நீங்கள் கிளம்பிய பிறகு வேலையை யார் தொடர்வார்கள் என்று கேளுங்கள். முந்தைய இன்டர்ன் எழுதிய அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். அப்படிப் போனவர்களை நீங்களாகவே தேடிப் பிடித்துப் பேசுங்கள், நிறுவனம் கைகாட்டும் ஆட்களிடம் மட்டும் கேட்டுத் திருப்தி அடையாதீர்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் கடிதம், ரசீது, உரையாடல்கள் எதையும் அழிக்காதீர்கள். கார்டில் கட்டியிருந்தால், வாக்குறுதி கொடுத்த சேவை கிடைக்கவில்லை என்று வங்கியில் உடனே புகார் கொடுங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு. நேரடியாகக் கணக்குக்கு அனுப்பிய பணத்தை மீட்பது ரொம்பக் கஷ்டம், என் புகார் இன்னும் முடியவில்லை.