பெட்டி ஒரிஜினல், உள்ளே இருந்த பிரேக் பேட் வேறு

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பழைய ஜப்பான் கார் ஓடுகிறவர்கள் இதைத் தயவுசெய்து முழுதாக வாசியுங்கள். ஒரிஜினல் என்று நம்பி வாங்கிப் போட்ட முன் பிரேக் பேட், மலை இறக்கத்தில் பிடிக்காமல் போனது. சில்லோடு சுற்றும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை இரு பக்கமும் அழுத்திப் பிடித்துக் காரை நிறுத்துவது இந்தப் பேட்தான். மனைவியும் அம்மாவும் பின்சீட்டில் இருந்தார்கள். கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. நான் எந்தெந்த இடத்தில் ஏமாந்தேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

என்னுடையது 2007ஆம் ஆண்டு டொயோட்டா விட்ஸ் கார். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். திறந்தும் என்ன, மாதச் சம்பளக்காரனுக்கு அந்த விலை எட்டாது. இருப்பதைத் திருத்தித் திருத்தி ஓடுகிறோம். அதனால்தான் இந்தச் சாமான் விஷயம் எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

பேட் தேய்ந்துவிட்டது என்று கடைக்குப் போனபோது இரண்டு விலை சொன்னார்கள். டூப்ளிகேட் 5,500 ரூபாய், ஜெனுயின் 16,500. "பிரேக்குல காசப் பாக்காதீங்க சேர்" என்று கடைக்காரரே சொன்னார். அது எனக்கும் சரியாகப் பட்டது. 16,500ஐக் கட்டினேன். பெட்டியில் டொயோட்டா என்ற எழுத்து, லேபல், 04465 என்று தொடங்கும் இலக்கம் எல்லாம் இருந்தன. டொயோட்டாவின் முன் பேட்களுக்கு இலக்கம் அப்படித்தான் தொடங்கும், அது எனக்கு முன்பே தெரியும். அதைக் கண்டதும் மனம் அடங்கிவிட்டது. பெட்டிக்குள் இருந்ததைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. பக்கத்துக் கராஜில் பூட்டினார்கள், பெட்டியை அங்கேயே எறிந்தார்கள். பில்லில் "பிரேக் பேட் 1 செட்" என்று மட்டும் எழுதியிருந்தது. நானும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் ஒரு குறையும் தெரியவில்லை. சில்லில் வழமையைவிடக் கறுப்புத் தூசு படிந்தது, அவ்வளவுதான். எங்கள் ஊர் சமதரை. கல்லடிப் பாலம், காத்தான்குடி நெரிசல், களுவாஞ்சிக்குடி வரை நேர் றோட்டு. இங்கே பிரேக் சூடாவதற்கே வாய்ப்பில்லை. எவ்வளவு மட்டமான பேட்டும் இந்த றோட்டில் நல்ல பேட் மாதிரித்தான் நடக்கும்.

ஆவணியில் பதுளையில் ஒரு கலியாணத்துக்குப் போய், செங்கலடி றோட்டால் திரும்பினோம். பசறை, லுணுகல தாண்டி பிபிலைப் பக்கம் இறங்கும் வளைவுகளில் முன்னால் போன பஸ் வேகத்தைக் குறைத்தது. நானும் மிதித்தேன். பெடல் கல் மாதிரி நின்றது, கார் நிற்கவில்லை. எரிந்த நாற்றம் ஒன்று வந்தது. கியரை இன்னும் இறக்கி, ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, மலைப் பக்கத்து வடிகாலோடு உரசித்தான் நிறுத்தினேன். அம்மாவின் நெற்றி முன்சீட்டில் அடிபட்டு வீங்கிவிட்டது. மற்றப் பக்கம் பள்ளம்.

லுணுகலவில் இருந்து ஒரு மெக்கானிக் தம்பி மோட்டார் சைக்கிளில் வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "பெடல் பஞ்சு மாதிரி உள்ள போச்சா, கல்லு மாதிரி நின்னுச்சா சார்?" பிரேக் ஒயில் கொதித்திருந்தால் பெடல் உள்ளே போய்விடுமாம். கல் மாதிரி நின்றும் பிடிக்கவில்லை என்றால் பேட்டைத்தான் பார்க்க வேண்டுமாம். சில்லைக் கழற்றினார். பேட்டின் முகம் கண்ணாடி மாதிரி மினுங்கியது. இடப் பக்கத்து உள் பேட்டில் லைனிங், அதாவது டிஸ்கில் உரசும் பகுதி, அதைத் தாங்கும் இரும்புத் தகட்டை விட்டு நகக்கண் அளவுக்குக் கிளம்பியிருந்தது. லைனிங்கைப் பிடித்து வைப்பது ஒரு வகைப் பிசின். மட்டமான பிசின் சூட்டில் எரிந்து வாயு விடும். அந்த வாயு டிஸ்குக்கும் பேட்டுக்கும் நடுவில் நிற்க, எவ்வளவு மிதித்தாலும் பிடிப்பு வராது. நல்ல பேட்டுக்கும் ஒரு சூட்டு எல்லை உண்டு. ஆனால் நல்ல பேட்டின் லைனிங் இரண்டு மாதத்தில் தகட்டை விட்டுக் கழறாது.

அவர் 4,800 ரூபாய்க்கு வேறொரு செட் கொண்டுவந்து போட்டார். ஒரிஜினல் இல்லை என்று அவரே சொன்னார். பெட்டியில் அதைச் செய்த கம்பனியின் சொந்தப் பெயர்தான் இருந்தது. அந்தப் பேட்டில்தான் மிச்ச மலையும் இறங்கி வீடு வந்து சேர்ந்தோம். அது பிடித்தது. ஆகவே கொம்பனிச் சாமான் அல்லாததெல்லாம் குப்பை என்று நான் சொல்ல வரவில்லை. அகெபோனோ, அட்விக்ஸ் போன்றவர்கள் ஜப்பான் கார்க் கம்பனிகளுக்கே பிரேக் செய்து கொடுக்கிறவர்கள். தங்கள் பெயரிலும் பேட் விற்கிறார்கள். வோட்டர் பம்பில் அய்சின், பிளக்கில் டென்சோ என்று எல்லாவற்றிலும் இப்படி உண்டு. வைப்பர், எயார் ஃபில்டர், லைட் கண்ணாடி என்றால் மலிவானதையும் போடலாம். எனக்கு நடந்தது வேறு. மூன்றாந்தரச் சாமானை முதல்தரப் பெட்டியில் வைத்து, முதல்தர விலையும் வாங்கினார்கள். 5,500க்கு டூப்ளிகேட் என்று சொல்லித் தந்திருந்தால், அதோடு நான் மலை ஏறியிருக்க மாட்டேன்.

ஊருக்கு வந்ததும் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாஸ் ஒருவர் உண்மையான பேட் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதன் தகட்டிலும் ஓரத்திலும் செய்தவரின் குறி, லைனிங் கலவையின் இலக்கம், கடைசியில் எஃப் எஃப் போல இரண்டு ஆங்கில எழுத்து. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள பிடிப்பு, இரண்டாவது கடுஞ்சூட்டில் உள்ள பிடிப்பு. ஈ என்றால் குறைவு, எஃப் அதற்கு மேல், ஜி அதற்கும் மேல். என்னுடையதில் ஒரு எழுத்தும் இல்லை, வெறும் கறுப்புப் பெயின்ட். எழுத்தையும் கள்ளமாக அடிக்கலாம்தான், ஆனால் ஒன்றுமே இல்லாத பேட்டை வாங்கவே வாங்காதீர்கள்.

கடைக்குப் போனேன். "பாவிச்ச சாமானத் திருப்பி எடுக்க ஏலா சேர். நீங்க பிரேக்க மிதிச்சபடியே எறங்கியிருப்பீங்க" என்றார்கள். நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம். ஆனால் ஜெனுயின் என்றோ, பாக இலக்கமோ என் பில்லில் இல்லை. பெட்டியும் இல்லை. அவர்கள் சொன்னதற்கு என் கையில் ஆதாரம் எதுவும் இல்லை. நீங்கள் பிரேக் சாமானோ, முன் சில்லைத் திருப்பவும் தாங்கவும் உள்ள டை ரொட் எண்ட், போல் ஜொயின்ட் போன்ற மூட்டுகளோ எது வாங்கினாலும் பாக இலக்கத்தையும் "ஜெனுயின்" என்ற சொல்லையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் காசைக் கொடுக்காமல் எழும்பி வந்துவிடுங்கள். பூட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். பெட்டியையும் கழற்றிய பழைய சாமானையும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

அந்த நான்கு பேட்டும் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. கடையில் கையில் எடுத்தால் எதைப் பார்க்க வேண்டும் என்று அறிய விரும்புகிறவர்கள் மட்டக்களப்புக்குள் எங்கே இருந்தாலும் சொல்லுங்கள், கொண்டுவந்து காட்டுகிறேன்.