18-லிருந்து 24க்கு: மாற்றிக் கட்டிய கிட் ராக்கெட், நீண்ட நாள் பறக்கவிட்ட பிறகு

மாடல் ராக்கெட் கிட் வாங்கி அப்படியே ஒட்டிப் பறக்கவிட்டு அலுத்துப்போனவர்கள் அடுத்து கை வைப்பது மோட்டாரில்தான். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். பெரிய மோட்டார் போட்டால் எதை வேண்டுமானாலும் மேலே அனுப்பிவிடலாம், அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அதே ராக்கெட் அடுத்த வாரமும் பறக்கிற நிலையில் கீழே வரவேண்டும், வேலை முழுக்க அதில்தான்.

கிட் சாதாரணமானது. சுமார் 42 மி.மீ. விட்டத்தில் காகிதக் குழாய், பிளாஸ்டிக் நோஸ்கோன் (கூம்பு மூக்கு), லேசான பால்சா மரத்தில் நாலு ஃபின் (வால் துடுப்பு), மோட்டாரைப் பிடித்து நிறுத்தும் 18 மி.மீ. மவுண்ட். சி6-5 மாதிரி மோட்டாருக்கானது. புதிதாக வருபவர்களுக்காக: எழுத்து மோட்டாரின் மொத்த வலுவைச் சொல்கிறது, ஒவ்வொரு எழுத்துக்கும் உச்சவரம்பு இரட்டிப்பாகும் (சி என்றால் 10 நியூட்டன்-நொடி வரை, டி என்றால் 20). அடுத்த எண் சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி எண், உந்துதல் முடிந்து எத்தனை நொடி கழித்து பாராசூட்டைத் தள்ளும் மருந்து பற்றும் என்பது. இந்தக் கடைசி எண்ணைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

மவுண்டை 24 மி.மீ.க்கு மாற்றினேன். டி12 மோட்டாரின் நீளம் 70 மி.மீ., அதே விட்டத்தில் வரும் ஈ வகை 95 மி.மீ., அதனால் நீளமான குழாயே வைத்துவிட்டு டி போடும்போது முன்னால் ஒரு 25 மி.மீ. வளையத்தைச் செருகிக்கொள்கிறேன். கிட்டில் வந்த அட்டை வளையங்கள் இதற்கு உதவாது, புதிதாக வெட்ட வேண்டும். அரை நாள் வேலை.

மோட்டாரின் எடைதான் சிக்கல். டி12, சி6-ஐவிடச் சுமார் 20 கிராம் கூடுதல், அந்த எடை முழுக்க வாலில் போய் உட்கார்கிறது. ஈர்ப்பு மையம் பின்னால் நகரும். அது அழுத்த மையத்துக்கு (காற்றின் விசை மொத்தமாக வந்து சேரும் புள்ளி) குறைந்தது ஒரு உடல் விட்டமாவது முன்னால் இருக்க வேண்டும், இங்கே 42 மி.மீ. அழுத்த மையத்தைக் கணக்கிட 1960களில் ஜேம்ஸ் பாரோமேன் கொடுத்த சமன்பாடுகளைக் கையாலும் போடலாம், ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருளில் அளவுகளைக் கொடுத்தால் அதுவே சொல்லிவிடும். நோஸ்கோனுக்குள் களிமண்ணை அழுத்தி, மேலே கொஞ்சம் எபாக்சி ஊற்றிச் சரிசெய்தேன். அதற்காக மூக்கில் எடையைக் கொட்டிக்கொண்டே போகவும் கூடாது, நிலைத்தன்மை அளவுக்கு மீறினால் லேசான காற்றுக்கே காற்று வரும் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு ஓடும்.

ஃபின்னைப் பற்றி நிறைய சொல்லலாம். பால்சாவின் இழை முன்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும், இல்லையென்றால் தரையில் பட்டதும் இழையோடு பிளந்துவிடும். இருபக்கமும் மெல்லிய காகிதம் ஒட்டினேன், இந்த மாற்றத்தை யார் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன். ஃபின் உடலோடு சேரும் மூலையில் மரப்பசையை மெல்லிய கோடாக விட்டு, விரலால் ஒரே இழுப்பில் வழித்துவிட வேண்டும். குழாயைப் படுக்கையாக வைத்து, மேலே பார்த்திருக்கும் இரண்டு மூலைகளை மட்டும் செய்து, காய்ந்த பிறகு திருப்பி அடுத்தது. ஒரேயடியாகத் தடிமனாக விட்டால் காயும்போது சுருங்கி நடுவில் குமிழ் விடும். மெலிதாக இரண்டு மூன்று தடவை போடுவதுதான் உறுதி. ஓரங்கள் அங்கங்கே நசுங்கியிருக்கின்றன, ஆனால் ஒரு ஃபின்கூட இதுவரை கழன்று வரவில்லை.

இப்போது நோஸ்கோனையும் உடலையும் இணைக்கும் கயிறு. கிட்டில் வரும் ரப்பர் நாடாவை மடித்த காகிதத்தில் வைத்துக் குழாயின் உள்சுவரில் ஒட்டச் சொல்வார்கள். லேசான ராக்கெட்டுக்கு ஓடும். டி மோட்டாரோடு, மூக்கில் களிமண்ணோடு, அது போதாது. சூடு தாங்கும் கெவ்லர் இழைக் கயிற்றை மோட்டார் மவுண்டிலேயே கட்டி, மேல் பாதிக்கு மட்டும் எலாஸ்டிக் வைத்தேன். கெவ்லர் தீப்பிடிக்காது, ஆனால் சாகாவரம் பெற்றதும் இல்லை. தள்ளுமருந்தின் சூடு ஒவ்வொரு முறையும் மவுண்டுக்குப் பக்கத்தில்தான் படுகிறது. அந்த இடத்தை நகத்தால் கிள்ளிப் பாருங்கள், மஞ்சள் போய்க் கறுத்து, விறைத்து, இழை இழையாக உதிர்ந்தால் மாற்ற வேண்டிய நேரம். மாற்ற வசதியாக நான் நேரடியாக ஒட்டாமல் மவுண்டில் ஒரு சின்ன வளையம் விட்டிருக்கிறேன், நீண்ட இடுக்கியை உள்ளே விட்டுப் புதுக் கயிற்றைக் கோத்துவிடலாம்.

கெவ்லரில் இன்னொரு ஆபத்து, மெல்லியதாக இருப்பதால் குழாயின் வாயைக் கிழிப்பது. தாமத நேரம் கூடிப்போய் ராக்கெட் தலைகீழாக வேகமெடுத்த பிறகு பாராசூட் விரிந்தால் கயிறு காகிதத்தை ஜிப்பைத் திறப்பது போலக் கிழித்துக்கொண்டே போகும். அதனால்தான் அந்தக் கடைசி எண். தடித்த உடம்பு சீக்கிரம் வேகம் இழக்கும், நீண்ட தாமதம் அதற்குத் தேவையில்லை, எனக்கு டி12-5 சரியாக இருக்கிறது. உச்சியை அடைந்த கணத்தில் விரிவதைப் பார்ப்பதில் இருக்கிற சந்தோஷம் உயரத்தில்கூட இல்லை, இது என் கட்சி.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளே கரி படிந்து நோஸ்கோன் இறுகும், ஈரத்துணியால் துடைத்தால் போதும். பாராசூட்டை மடித்து உள்ளேயே வைத்துவிட்டுப் போகாதீர்கள், பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டு விரியாது. பறக்கவிடும் இடத்தில் மடியுங்கள், குளிரான நாளில் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவிக்கொள்ளலாம். பாராசூட் கருகாமல் இருக்க அதன் கீழே அடைக்கும் தீத்தடுப்பு வாடிங்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கருமருந்து மோட்டார்களைச் சூடும் குளிரும் மாறி மாறி அடிக்கும் இடத்தில் வைத்தால் உள்ளே விரிசல் விழுந்து, பற்றவைத்ததும் வெடிக்கலாம்.

ராக்கெட் கிளம்பும்போது நேராக வழிகாட்டும் ஏவுகம்பியையும் மாற்ற வேண்டியிருந்தது. கிட்டோடு பயன்படும் 1/8 அங்குலக் கம்பி இந்த எடைக்கு ஆடுகிறது, கிளம்பும்போதே ராக்கெட் சாய்கிறது. 3/16 அங்குலக் கம்பிக்கு மாறி, அதற்கேற்ற லக் (கம்பியைக் கோக்க உடலில் ஒட்டும் சின்னக் குழாய்) ஒட்டினேன். ஈ மோட்டார் போடும் நாளில் தள்ளி நிற்கும் தூரமும் கூடும்: அமெரிக்க தேசிய ராக்கெட்ரி சங்கத்தின் பாதுகாப்பு விதிப்படி டி வரை 15 அடி, அதற்கு மேல் 30 அடி. பற்றாமல் போனால் ஒரு நிமிடம் கழித்தே கிட்டே போக வேண்டும். பழைய லக்கைப் பிய்க்காமல் எதிர்ப்பக்கம் விட்டுவைத்திருக்கிறேன், இடம் சின்னதாக இருக்கும் நாளில் அடாப்டர் வைத்து 18 மி.மீ. மோட்டாரைப் போட்டுப் பழைய கம்பியிலேயே ஏற்றிவிடுகிறேன், அப்போது தாமத நேரம் 3 உள்ளதாகப் பார்த்து எடுப்பேன், மூக்கில் களிமண் கூடியிருக்கிறதே.