புதிய தடுப்பூசியும் சத்து மாத்திரையும்: ஆபத்து எதில் எங்கே இருக்கிறது?

ஊசி என்றால் ஆயிரம் கேள்வி கேட்பவர்கள், சத்து மாத்திரையை ஒரு கேள்வியும் இல்லாமல் விழுங்குகிறார்கள். பயம் இடம் மாறியிருக்கிறது.

புதிய தடுப்பூசி பொதுவாக ஆயிரக்கணக்கானோரிடம் சோதிக்கப்பட்ட பிறகே அனுமதி பெறுகிறது. லட்சத்தில் ஒருவருக்கு வரும் பக்கவிளைவு அந்தச் சோதனையில் சிக்காமல் போகலாம். அதனால்தான் கண்காணிப்பு தொடர்கிறது. அமெரிக்காவில் 1998-ல் அனுமதி பெற்ற ரோட்டா வைரஸ் (குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் கிருமி) தடுப்பூசி, குழந்தைகளுக்குக் குடல் செருகல் (குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்வது) வருவது தெரிந்ததும் 1999-லேயே திரும்பப் பெறப்பட்டது. கடும் ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஊசி போட்டதும் 15 நிமிடம் அங்கேயே உட்காருங்கள். முன்பு கடும் ஒவ்வாமை வந்தவர் என்றால் 30 நிமிடம்.

சத்து மாத்திரைக்கு இந்த வடிகட்டல் இல்லை. அமெரிக்காவின் 1994 சட்டப்படி, விற்பனைக்கு முன் அரசின் ஒப்புதலே தேவையில்லை. பாதிப்பும் சத்தமில்லாமல் சேரும். வைட்டமின் டி கொழுப்பில் தங்குவது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4,000 ஐ.யு. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு) என்பது உச்சவரம்பு. மருத்துவர் சொல்லாமல் அதை வெகுவாகத் தாண்டி மாதக்கணக்கில் எடுத்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், சிறுநீரகம் கெடும். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குத் தினமும் 20 மி.கி. பீட்டா கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏ-வாக மாறும் சத்து) கொடுத்த ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் கூடியது.

குறைபாடு உறுதியானவருக்கு மாத்திரை அவசியம்தான். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்ணுக்கு தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் அப்படியே. முடிக்காக பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) எடுப்பவர்கள் தைராய்டு பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது முடிவையே புரட்டிக் காட்டலாம்.