காஸ்கரா சக்ராடா கேப்சூல்: டப்பாவில் 450 மி.கி., அதில் மருந்து எவ்வளவு?

காஸ்கரா என்பது மலமிளக்கியாகப் பயன்படும் ஒரு மரப்பட்டை. மலச்சிக்கலுக்குக் காஸ்கரா கேப்சூல் கேட்குமா என்றால், கேட்கும். தகராறு அளவில்தான்.

டப்பாவில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 450 மி.கி. என்பது வெறும் பட்டைத் தூளின் எடை. மலத்தை இளக்குவது அதிலுள்ள ஹைட்ராக்ஸிஆந்த்ரசீன் கிளைகோசைடுகள் என்ற வேதிப்பொருட்கள். ஐரோப்பிய மருந்துத் தரநூலின்படி காய்ந்த பட்டையில் இவை குறைந்தது 8 சதவீதம் இருக்க வேண்டும். அப்படியானால் தரமான தூள் 450 மி.கி.யில் குறைந்தது 36 மி.கி. மருந்து இருக்கும். ஐரோப்பிய மருந்து முகமை பெரியவர்களுக்குச் சொல்லும் அளவோ நாளொன்றுக்கு 10 முதல் 30 மி.கி. வரைதான். ஒரே கேப்சூலில் எல்லை தாண்டிவிடுகிறது. இதில் இரவுக்கு இரண்டு என்று அச்சடித்தால் என்ன ஆகும்? கிளைகோசைடு எத்தனை மி.கி. என்று போடாத டப்பாவை வாங்காதீர்கள்.

அடுத்து, தாவரப் பெயரைப் பாருங்கள். ஃப்ராங்குலா பர்ஷியானா அல்லது ராம்னஸ் பர்ஷியானா என்று இருக்க வேண்டும். இரண்டும் ஒரே மரம். காஸ்கராவுக்கும் பக்தார்ன் என்ற பெயர் உண்டு; ஆனால் ஆரஞ்சு நிறப் பழமுள்ள சீ பக்தார்ன் வேறு குடும்பம், அது மலமிளக்கி அல்ல. பட்டையை உரித்து ஓராண்டாவது வைத்திருந்தோ, சூடேற்றியோ பக்குவப்படுத்தியதாகவும் குறிப்பிட்டிருக்க வேண்டும். பச்சைப் பட்டையில் உள்ள ஆந்த்ரோன்கள் என்ற வேதிப்பொருட்கள் வாந்தியையும் கடுமையான வயிற்று முறுக்கலையும் கொண்டுவரும்.

படுக்கப் போகும்போது ஒரு டம்ளர் தண்ணீருடன், மலம் இளகிப் போகப் போதுமான மிகக் குறைந்த அளவில் எடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லையே என்று இன்னொன்றைப் போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. கிளைகோசைடு சிறுகுடலைக் கடந்து பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியா அதை உடைத்த பிறகுதான் வேலை தொடங்கும். அதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் மறுநாள் பேதிதான். சிறுநீர் மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ போனால் பயப்பட வேண்டாம், அது மருந்தின் நிறம்.

உடல் மெலிய இதை விற்பதை ஏற்கவே முடியாது. உணவின் சத்தைப் பெரும்பாலும் சிறுகுடலே உறிஞ்சிவிடுகிறது. இந்த மருந்து வேலை செய்வது அதற்குப் பிறகு. குறைவது நீரும் மலமும்தான், கொழுப்பு அல்ல.

நார்ச்சத்து, தண்ணீர், இசப்கோல் எல்லாம் பார்த்தும் பலிக்காதபோது சில நாள் எடுக்கலாம். ஒரு வாரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும். டிஜாக்சின் என்ற இதய மருந்து, நீர் பிரியும் மாத்திரை, ஸ்டீராய்டு, அதிமதுரம் எடுப்பவர்களுக்கு அது இதயத் துடிப்பையே குலைக்கலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2002-இல் கடைகளில் டாக்டர் சீட்டில்லாமல் விற்கும் மலமிளக்கி மருந்துகளிலிருந்து காஸ்கராவை நீக்கியது. பாதுகாப்பை நிறுவும் தரவுகள் போதவில்லை என்பதே காரணம். இன்றும் அங்கே சப்ளிமெண்ட் என்ற பெயரில் கிடைக்கிறது என்பதற்காக அதைப் பாதுகாப்புச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், 12 வயதுக்குட்பட்டவர்கள், குடலடைப்பு, குரோன் நோய் என்ற குடல் அழற்சி, குடல் புண் அழற்சி, காரணம் தெரியாத வயிற்றுவலி உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியுள்ளது. கண் மஞ்சளித்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். போகும்போது டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள்.