ஒரே பால், மூன்று விற்பனை: லேட்டக்ஸா, ஷீட்டா, ஒட்டுப்பாலா?

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, திருவட்டார் பக்கம் கொஞ்சம் ரப்பர் மூடு (மரம்) வைத்திருக்கிற எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி கிடக்கிறது. காலையில் இறங்கிய பாலை அப்படியே லேட்டக்ஸாகக் கொடுப்பதா, உறைய வைத்து ஷீட் அடித்துப் புகை போட்டு விற்பதா, மரத்தில் பால் பிடிக்கும் சிரட்டையிலேயே உறையவிட்டு ஒட்டுப்பாலாகத் தூக்கிப் போடுவதா? பேச்சு பெரும்பாலும் அன்றைய விலையில் தொடங்கி வெட்டுக்கூலியில் வந்து நின்றுவிடும். பாலுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த ஒப்பீடு முழுமையாகும் என்று நினைக்கிறேன். எந்த வழியில் எங்கே காசு கரைகிறது என்பது அங்கேதான் தெரிகிறது.

எருக்கு, கள்ளி, பப்பாளி, சக்கை என்று பால் வடியும் செடிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. கடிக்க வரும் பூச்சியின் வாயை ஒட்டிப்போடுவதும் காயத்தை அடைப்பதும் அந்தப் பாலின் வேலைகள். ரப்பர் மரத்தின் பாலில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்குவரை ரப்பர். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அதோடு சிறிது புரதம், சர்க்கரை, கொழுப்பு, உப்புகள். ஐந்து கார்பன் கொண்ட சிறு அலகுகளை ஆயிரக்கணக்கில் கோத்து மரம் ரப்பர் சங்கிலியை உண்டாக்குகிறது. அந்த அலகைச் செய்ய மரம் பிடிக்கும் வழியும், கொலஸ்ட்ரால் செய்ய நம் கல்லீரல் பிடிக்கும் வழியும் தொடக்கத்தில் ஒன்றுதான். பாதி வழியில் பிரிந்து மரம் ரப்பருக்குப் போகிறது, நம் உடம்பு கொலஸ்ட்ராலுக்குப் போகிறது. இதைப் படித்த நாளிலிருந்து ரப்பர் விளைக்குள் (தோட்டத்துக்குள்) நடக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

ரப்பர் தண்ணீரில் கரைந்து கிடப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வோர் உருண்டையையும் சுற்றிக் கொழுப்பும் புரதமும் சேர்ந்த மெல்லிய உறை. அந்த உறைக்கு எதிர்மின்னூட்டம். எல்லாம் ஒரே மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே நிற்கின்றன, பாலும் பாலாகவே இருக்கிறது. புளிப்பு ஏற ஏற இறங்கும் அளவு பி.எச்.; புதுப் பாலில் அது 7-ஐ ஒட்டி இருக்கும். புளிப்பு ஏறி அது 5-க்குக் கீழே இறங்கினால் மின்னூட்டம் தளர்ந்து உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். பசும்பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிகிற அதே கதை. மூன்று வழிகளும் பிரிவது இந்தப் புளிப்பை யார் பொறுப்பில் விடுகிறோம் என்பதில்தான். ஒட்டுப்பாலில் பாக்டீரியா பார்த்துக்கொள்கிறது. ஷீட்டில் நாம் ஆசிட் ஊற்றுகிறோம். லேட்டக்ஸில் அம்மோனியா போட்டுப் புளிப்பையே தடுக்கிறோம்.

பால்வெட்டு விடியுமுன் நடப்பதற்குக் காரணம் மரத்தின் உள்ளழுத்தம். இரவில் இலை வழியே நீர் போவது குறைவு என்பதால் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் 10 வளிமண்டலத்தை எட்டுகிறது. வெயில் ஏற ஏற அது விழுந்துவிடும். வெட்டிய இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒழுக்கு நிற்பதோ வேறொரு ஏற்பாடு. பாலிலேயே மிதக்கும் லூட்டாய்டு என்ற சிறு பைகள் வெட்டுவாயில் உடைந்து, உள்ளே வைத்திருந்த புரதங்களைக் கொட்டுகின்றன. அவை அங்கேயே பாலை உறைய வைத்துக் குழாயை அடைக்கின்றன. அந்தப் புரதங்களில் ஹெவின் என்பது முக்கியமானது. அதைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

சிரட்டையில் பால் விழுந்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. காற்றிலும் பட்டையிலும் முந்தைய நாள் சிரட்டையிலும் இருந்த பாக்டீரியா பாலின் சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகிறது. பாலை எடுத்ததும் சிரட்டையைத் துடைத்துக் கவிழ்த்து வைக்கும் வெட்டுக்காரர் உங்களுக்குச் சில மணி நேரத்தைச் சம்பாதித்துக் கொடுக்கிறார். கூலி பேசும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஒட்டுப்பாலைப் பற்றி நம் ஊரில் ஓர் இளக்காரம் உண்டு. அது நியாயமில்லை. உலகில் கிடைக்கும் இயற்கை ரப்பரில் பெரும்பங்கு டயருக்குப் போகிறது. டயருக்கான கட்டி ரப்பரில் பெரும்பகுதி சிரட்டையில் தானே உறைந்த பாலைத் துண்டாக்கி, கழுவி, உலர்த்திச் செய்ததுதான். செலவும் கிட்டத்தட்ட இல்லை. தண்ணீர் வேண்டாம், ஆசிட் வேண்டாம், ரோலர் வேண்டாம். காலையில் வெட்டிவிட்டு வேறு வேலைக்குப் போகிறவருக்கு இதைவிட வசதியான வழி கிடையாது.

குறை இரண்டு. ஒன்று நாற்றம். பாக்டீரியா சர்க்கரையோடு நிற்பதில்லை, புரதத்தையும் உடைக்கிறது. அப்போது பியூட்ரிக், வேலரிக் போன்ற கொழுப்பமிலங்கள் ஆவியாகி வெளியே வரும். ஒட்டுப்பால் ஏற்றிய லாரி சாலையில் போனால் பின்னால் பைக்கில் வருபவர் மூக்கைப் பொத்துவது இவற்றால்தான். இரண்டாவது குறை எடை. புதிதாக உறைந்த கட்டியில் பாதிக்குப் பாதி நீர் இருக்கலாம். எவ்வளவு நீர், எவ்வளவு ரப்பர் என்பது வாங்குபவரின் கண் மதிப்பீட்டுக்குள் போய்விடுகிறது. விற்பவருக்குப் பிடி இல்லை. பட்டைச் சீவலும் மண்ணும் ஒட்டியிருந்தால் அதற்கும் கழிவு. கட்டியை நிழலில் காற்றாட அடுக்கிச் சில நாள் நீர் வடியவிட்டு, சீவலைப் பிரித்துக் கொடுத்தால் இந்தப் பேரத்தில் கொஞ்சமாவது நியாயம் கிடைக்கும்.

லேட்டக்ஸ் இதற்கு நேர் எதிர்த் துருவம். பால் வாளிக்கு வந்ததும் அம்மோனியா சேர்க்க வேண்டும். அது மூன்று வேலை செய்கிறது: பாக்டீரியாவைக் கொல்கிறது, பி.எச்.ஐ மேலே தூக்கி உருண்டைகளின் மின்னூட்டத்தைக் காக்கிறது, பாலில் இருக்கும் மெக்னீசியத்தைப் பிடித்துக் கீழே படியவைக்கிறது. பீப்பாயின் அடியில் தங்கும் அந்தச் சேற்றில் இருப்பது மெக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட். மனிதச் சிறுநீரகத்தில் தொற்றால் உண்டாகும் ஒருவகைக் கல்லும் இதே சேர்மம்தான். பிறகு ஆலையில் மையவிலக்கியில் சுற்றி, நூற்றுக்கு 60 பங்கு ரப்பர் உள்ள கெட்டிப் பாலாக்குகிறார்கள். கையுறை, பலூன், எலாஸ்டிக் நூல் எல்லாம் அதிலிருந்து வருபவை.

இந்த வழியில் விற்பவருக்கு இருக்கும் பெரிய நன்மை, மதிப்பு அளவீட்டில் நிற்பது. பாலின் மாதிரியை எடுத்து உறைய வைத்து உலர்த்தி எடை போட்டால் டிஆர்சி, அதாவது உலர் ரப்பர் விகிதம், எண்ணாக வந்துவிடும். தண்ணீர் ஊற்றினால் மாட்டும், நல்ல பால் கொடுத்தால் நல்ல எண் கிடைக்கும். மழைக்காலத்தில் டிஆர்சி இறங்குவது இயல்பு. அதற்காக வெட்டுக்காரரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

ஆனால் நேரம் இரக்கம் காட்டாது. ஆலையில் வி.எஃப்.ஏ. எண் (ஆவியாகும் கொழுப்பமில எண்) என்று ஒன்று பார்ப்பார்கள். அம்மோனியா விழுவதற்கு முன் பாக்டீரியா எவ்வளவு கொழுப்பமிலம் விட்டது என்பதை அது காட்டிக்கொடுக்கும். நீங்கள் எட்டு மணிக்குச் சேர்க்க வேண்டிய அம்மோனியாவைப் பதினொன்றுக்குச் சேர்த்தீர்கள் என்பதை யாரும் சொல்லாமலே அந்த எண் சொல்லிவிடும். வாளியைத் திறந்து வைத்தால் அம்மோனியா பறந்துபோகும் என்பதும் உண்டு. பேச்சிப்பாறைக்கு மேலே மலைச்சரிவில் விளை வைத்துக்கொண்டு, பால் எடுக்கும் வண்டி வர மதியம் ஆகும் என்றால் லேட்டக்ஸ் உங்களுக்கான வழி இல்லை. சாலையோரத்தில் விளை, காலையிலேயே வண்டி என்றால் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஹெவினுக்கு வருகிறேன். ரப்பர் கையுறை போட்டால் கை தடித்து அரிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். மரத்தின் காயத்தை அடைக்கும் அந்த ஹெவின் புரதம் அவர்களுக்கு ஒவ்வாமை தரும் முக்கியப் பொருள்களில் ஒன்று. அதைப் போன்ற அமைப்புள்ள புரதம் வாழைப்பழத்திலும் உண்டு. அதனால் ரப்பர் ஒவ்வாமை உள்ள சிலருக்கு வாழைப்பழம் தின்றாலும் வாய் அரிக்கும். மட்டியும் செவ்வாழையும் தின்று வளரும் மாவட்டத்தில், ரப்பர் பாலோடு நாள் முழுக்கப் புழங்குபவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பழம் தின்று உதடு வீங்கினால் மருத்துவரிடம் ரப்பர் வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி ஷீட். கை வேலை அதிகம் உள்ள வழி இது. எனக்கு மதிப்பு அதிகம் உள்ள வழியும் இதுவே. கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். டிஆர்சி 35 உள்ள பால் 10 லிட்டர் இருக்கிறது. அதில் ரப்பர் ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. இதை டிஆர்சி 12.5-க்கு இறக்க 18 லிட்டர் தண்ணீர் சேர்த்து 28 லிட்டர் ஆக்க வேண்டும். நான்கு லிட்டர் தட்டில் ஊற்றினால் ஏழு தட்டு, தட்டுக்கு அரைக் கிலோவாக ஏழு ஷீட். தண்ணீர் ஊற்றாமல் கெட்டியாகவே உறைய வைத்தால் கட்டி ஒரே சீராக வராது, ரோலரில் மல்லுக்கட்ட வேண்டும், உள் ஈரமும் லேசில் வெளியேறாது.

உறைய வைக்க நம் பக்கம் பழக்கம் ஃபார்மிக் ஆசிட். மாமரத்தில் இலையைப் பின்னிக் கூடு கட்டும் முசுறு கடித்ததும் எரிய வைப்பதும் அதே அமிலம்தான். கிலோ ரப்பருக்குச் சில மில்லி போதும்; நன்றாகத் தண்ணீரில் கலந்து, மெதுவாகக் கிளறி ஊற்றி, மேலே வரும் நுரையை வழித்துவிட வேண்டும். வழிக்காத நுரை ஷீட்டில் குமிழாக நிற்கும். வேலை முடிந்ததும் அமிலம் பெரும்பாலும் கழுவுதலிலும் உலர்த்துதலிலும் போய்விடுவதால் ரப்பருக்குத் தீங்கு இல்லை.

மலிவு என்று கந்தக அமிலம் வாங்கி ஊற்றும் வீடுகளும் உண்டு. இதை நான் ஏற்கவே மாட்டேன். அது ஆவியாகாது. அளவு கூடிக் கழுவலும் குறைந்தால் ஷீட்டுக்குள்ளேயே தங்கி, நாள்பட ரப்பரைப் பிசுபிசுக்க வைக்கும், ரோலரையும் அரிக்கும். அதைக் கையாளும் வீட்டில் குழந்தைகள் ஓடி விளையாடுகின்றன என்பதையும் நினைக்க வேண்டும். மிச்சம் பிடித்த சில ரூபாய்க்கு இது தகாது. அசெட்டிக் ஆசிட் பாதுகாப்பானது. ஆனால் ஃபார்மிக்கைவிட அதிக அளவு வேண்டியிருக்கும்.

செம்பு, பித்தளைப் பாத்திரம் பக்கத்திலேயே வரக் கூடாது. செம்பின் சிறு துளியும் ஆக்சிஜன் ரப்பர் சங்கிலியை அறுப்பதற்குத் துணைபோகும். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் போதும். பாலும் ஷீட்டும் கறுப்பதற்கு வேறு காரணம்: காற்றுப்பட்டால் பாலின் பீனால்களை ஒரு நொதி கறுப்பாக்குகிறது. வெட்டிய வாழைக்காயைக் கறுக்க வைப்பதும் இதே இன நொதிதான். சோடியம் பைசல்பைட் சிறிது சேர்ப்பது அந்த நொதியை அடக்கத்தான்.

பிறகு ரோலரில் மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு இழுத்து, மேலே வரிவரியாகக் கோடு பதித்து, நீர் வடியவிட்டுப் புகைப்புரையில் தொங்கவிட வேண்டும். 40 முதல் 60 டிகிரி சூட்டில் நான்கைந்து நாள். புகை வெறும் சூட்டுக்காக மட்டும் இல்லை. விறகுப் புகையிலுள்ள பீனால் வகைப் பொருள்கள் ஷீட்டின் மேல் படிந்து பூஞ்சணத்தைத் தடுக்கின்றன. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் விழும் இந்த மாவட்டத்தில் வெயிலில் மட்டும் காயப்போட்டுத் தப்பிக்க முடியாது. புகைப்புரையின் அருமை ஐப்பசியில் தெரியும்.

கடையில் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார்கள். நன்றாகக் காய்ந்தது தேன் நிறத்தில் ஒளியை விடும். ஈரம் நின்ற இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். "இதுல வெள்ளை கெடக்கு அக்கா, இன்னும் ரெண்டு நாளு புகையில கெடக்கட்டு" என்று கடைக்காரர் சொன்னால் அவசரப்பட்டு விற்காமல் திரும்பக் கொண்டுபோவதே நல்லது. ஒரு தரம் கீழே இறங்கினால் உழைப்பு முழுவதற்கும் அடி. காய்ந்த நல்ல ஷீட்டுக்கு இருக்கும் தனிப் பலம் காத்திருக்கும் தெம்பு. விலை விழுந்தால் அடுக்கி வைத்து, ஏறும்போது விற்கலாம். லேட்டக்ஸில் அது நடக்காது. ஒட்டுப்பாலை அதிகநாள் வைத்தால் அக்கம்பக்கம் சும்மா விடாது.

ஷீட்டுக்கு எதிராக நேர்மையாகச் சொல்ல வேண்டியது கழிவுநீர். ரப்பர் எடுத்த பிறகு மிஞ்சும் நீரில் சர்க்கரையும் புரதமும் இருக்கின்றன. ஓடையில் விட்டால் பாக்டீரியா அதைத் தின்னும் வேகத்தில் நீரிலுள்ள ஆக்சிஜனைக் காலி செய்துவிடும், மீன் செத்து மிதக்கும். சாணத்தோடு கலந்து பயோகேஸ் எடுக்கலாம். அந்த வசதி இல்லையென்றால் கிணற்றை விட்டுத் தள்ளித் தனிக் குழி வெட்ட வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. வீட்டில் காலை நேரத்துக்கு இரண்டு கை, நல்ல தண்ணீர், புகைப்புரை மூன்றும் இருந்தால் ஷீட்தான். ஆள் இல்லை, சாலை உண்டு, வண்டி நேரத்துக்கு வரும் என்றால் லேட்டக்ஸ். ஆளும் இல்லை, சாலையும் இல்லை என்றால் தயங்காமல் ஒட்டுப்பால். ஆனால் சீவல் இல்லாமல், நீர் வடியவிட்டு. அம்மோனியா ஊற்றிய பாலை வண்டி எடுக்காமல் போய்விட்டால் அதையே ஷீட் ஆக்கலாம். அம்மோனியாவை முறிக்கவே ஆசிட்டில் ஒரு பங்கு போய்விடும் என்பதால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

ஷீட் அடிக்கிற வீட்டிலும் வெட்டுப்பட்டையில் ஒட்டிய நாடாவும், பால் எடுத்த பிறகு சொட்டி உறைந்ததும் மிஞ்சத்தான் செய்யும். அவற்றைத் தனிச் சாக்கில் நிழலில் போடுங்கள். வெயிலில் கிடந்தால் ரப்பர் சங்கிலி அறுந்து பிசுபிசுத்துப்போகும், மண்ணில் கிடந்தால் மண் ரப்பர் என்று தனிக் கீழ்த்தரத்தில் போகும்.