சாயக்கழிவுநீருக்கு எது சரிப்படும்? ஒளிவினையூக்கிகளும் அவற்றின் போட்டியாளர்களும்

ஆய்வுக் கட்டுரைகளில் சாயம் தவறாமல் மறைந்துவிடுகிறது. காய்ச்சி வடித்த நீர், லிட்டருக்கு 10 மில்லிகிராம் மெத்திலீன் நீலம், ஒளி பட்டால் சாயத்தைச் சிதைக்கும் வினையூக்கித் தூள் (ஒளிவினையூக்கி) ஒரு சிட்டிகை, மேலே புற ஊதா விளக்கு. ஒரு மணி நேரத்தில் குடுவை தெளிந்துவிடும். திருப்பூர்ச் சாய ஆலையின் வடிகாலில் வரும் நீர் வேறு ஜாதி. பருத்திப் பின்னலாடைக்கு ரியாக்டிவ் சாயத்தில் (இழையோடு வேதிப்பிணைப்பில் ஒட்டும் சாயம்) கருப்போ கருநீலமோ ஏற்ற, லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பு போடுகிறார்கள். கடல்நீரிலேயே 35 கிராம்தான். கூடவே சோடா உப்பு (சோடியம் கார்பனேட்) சேர்வதால் தொட்டியின் பிஎச் 11-ஐ ஒட்டி நிற்கும். போட்ட சாயத்தில் கணிசமான பங்கு துணியில் பிடிக்காமல் நீரோடு இறங்கும். எந்த முறையையும் இந்த நீரை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

முதலில் டைட்டானியம் டை ஆக்சைடு. 1972-இல் ஜப்பானின் புஜிஷிமாவும் ஹோண்டாவும் இதன் மேல் ஒளி பாய்ச்சி நீரைப் பிளந்து காட்டியதிலிருந்து இந்தத் துறையின் மூத்த பிள்ளை இதுதான். மலிவு, நஞ்சில்லை, நீரில் கரையாது. ஒளி பட்டதும் இதன் மேற்பரப்பில் உருவாகும் ஹைட்ராக்சில் தனிஉறுப்பு (மிகத் தீவிரமாக வினைபுரியும், நிலையற்ற துணுக்கு), எதிர்ப்படும் கரிமப் பொருள் எதையும் கடித்துக் குதறும். குறை என்னவென்றால், 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம் கொண்ட ஒளிக்குத்தான் இது அசையும். சூரிய ஒளியில் அப்படிப்பட்ட பங்கு நூற்றுக்கு நான்கைந்துதான். ஆலையோ இரவு ஷிப்டிலும் ஓடுகிறது. கருப்புச் சாயநீரில் ஒளி மேல்மட்டத்தைத் தாண்டி இறங்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையான இழுபறி வேதியியலில் இருக்கிறது. டைட்டானியத்தின் மேற்பரப்பு பிஎச் 6-ஐத் தாண்டினால் எதிர்மின்னூட்டம் பெறும். ரியாக்டிவ் சாயமும் எதிர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். சோடா உப்பின் கார்பனேட் வேறு, ஹைட்ராக்சிலைச் சாயத்திடம் போகவிடாமல் வழியிலேயே விழுங்கும். சரி, அமிலம் ஊற்றிக் கார்பனேட்டை விரட்டலாம் என்றால், சாதாரண உப்பின் குளோரைடு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, குளோரின் ஏறிய புதுக் கரிமப் பொருள்களையும் உண்டாக்கக்கூடும். சாதாரண உப்புக்குப் பதில் சோடியம் சல்பேட் பயன்படுத்தும் ஆலைகளுக்கு இந்தக் கடைசித் தொல்லை குறைவு.

தூளைத் திரும்ப எடுப்பது இன்னொரு தலைவலி. லிட்டருக்கு ஒரு கிராம் என்ற வழக்கமான கணக்கில், ஒரு லட்சம் லிட்டர் தொட்டிக்கு 100 கிலோ தூள். இருபத்தைந்து நானோமீட்டர் அளவுத் துகள்; வடிகட்டித் துணியில் நிற்காது. உப்புநீரில் துகள்கள் திரண்டு தாமாகப் படியும் என்பது உண்மை. ஆனால் திரண்டால் வேலை செய்யும் பரப்பும் குறைந்துவிடுகிறது. கண்ணாடியிலோ பீங்கானிலோ பூசி நிலைநிறுத்தினால் மீட்கும் கவலை தீரும், வேகம் விழும்.

துத்தநாக ஆக்சைடு இதற்கு நேர்ப் போட்டி. இதன் மேற்பரப்பு பிஎச் 9 வரை நேர்மின்னூட்டத்தோடு இருப்பதால் பிஎச் 8 நீரில் ரியாக்டிவ் சாயத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். பல ஆய்வகச் சோதனைகளில் டைட்டானியத்தை முந்துவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த முந்தலைப் பார்த்து ஏமாற வேண்டாம். அமிலத்திலும் கடும் காரத்திலும் இது கரையும், ஒளி பட்டாலே மெல்ல அரிக்கும். கரைந்த துத்தநாகம் நீரோடு போகும். ஆற்றில் விடும் நீரில் அது லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது நம் நாட்டு விதி. நிறத்தை எடுத்துவிட்டு உலோகத்தைச் சேர்ப்பதற்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள்.

புதுமுகம் கார்பன் நைட்ரைடு. யூரியாவை 550 டிகிரியில் சூடாக்கினால் கிடைக்கும் மஞ்சள் தூள். 460 நானோமீட்டர் வரை கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் பிடிக்கும் என்பதால் சூரிய ஒளி ஆர்வலர்களுக்கு இதன் மேல் காதல். ஆனால் நேரடியாக ஹைட்ராக்சிலை உண்டாக்கும் வலு இதற்குப் போதாது. நிறம் போனாலும் மூலக்கூறு கரியமில வாயுவாகும் வரை சிதைவது மந்தம். ஆலைக்கு இன்னும் நாளாகும்.

ஒளி ஃபென்டன் முறை இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்தது. வேகத்தில் இதை மிஞ்சுவது கடினம், கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் ஒரு பங்கு பயன்படும். ஸ்பெயினின் அல்மேரியாவில் சூரிய ஒளிக் குழாய்களில் இதைப் பல ஆண்டுகளாகச் சோதித்து வருகிறார்கள். ஆனால் இதற்குப் பிஎச் 3-ஐ ஒட்டி வேண்டும். பிஎச் 10 நீரை அமிலம் ஊற்றிக் கீழே இறக்கி, முடிந்ததும் காரம் ஊற்றி மேலே ஏற்றினால் உப்பும் கூடும், இரும்புக் கசடும் குவியும். கசட்டை எங்கே கொட்டுவது என்று திருப்பூர் ஏற்கெனவே விழிக்கிறது.

ஓசோன் ஒளிவினையூக்கி அல்ல என்றாலும் விலக்க முடியாத போட்டியாளர். சாயத்துக்கு நிறம் தரும் அசோ பிணைப்பைக் குறிவைத்து நிமிடங்களில் உடைக்கும், தூள் மீட்கும் வேலையில்லை, காரநீரில் வேலை செய்யும், இரவிலும் ஓடும். மின்கட்டணம் பயமுறுத்தும்: ஆக்சிஜனிலிருந்து ஒரு கிலோ ஓசோன் தயாரிக்க ஏறத்தாழ 10 யூனிட். சி.ஓ.டி. (நீரிலுள்ள கரிமப் பொருளைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு, அதாவது மாசின் அளவுகோல்) பெரிதாக இறங்காது. இருந்தும் பருத்திச் சாயநீரின் நிறத்துக்கு இன்றைய தேதியில் என் ஓட்டு இதற்குத்தான்.

இந்தப் பட்டியலில் உள்ள யாரும் தொடாதது உப்பு. 1992-இல் பாசனத்துக்காக நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுநீர்க் குளமானது, தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னதற்குப் பின்னால் நிறம் மட்டும் இல்லை, இந்த உப்பும் இருந்தது. கண்ணாடிபோல் தெளிந்த உப்புநீரை வயலில் விட்டாலும் பயிர் கருகும். உப்பைப் பிரிக்கும் எதிர் சவ்வூடுபரவலையும் (ஆர்.ஓ.) ஆவியாக்கியையும் அவற்றின் இடத்திலிருந்து எந்த வினையூக்கியாலும் அசைக்க முடியாது.

அப்படியானால் ஒளிக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. உயிரியல் சுத்திகரிப்பும் வடிகட்டலும் முடிந்து வெளிர் நிறத்தில் வரும் நீரை, சவ்வுக்குள் அனுப்பும் முன் பூசப்பட்ட டைட்டானியத்தின் மேல் ஓடவிடலாம். எஞ்சிய கரிமப் பொருள் குறைந்தால் சவ்வு அடைப்பும் குறையும். இதைவிடப் பொருத்தமான இடம் பட்டுக்கும் நைலானுக்கும் அமிலச் சாயம் ஏற்றும் சிறு பட்டறைகள். அங்கே நீர் பிஎச் 4, 5 என்று அமிலமாகவே வருகிறது. உப்பு குறைவு. டைட்டானியத்தின் மேற்பரப்பு நேர்மின்னூட்டத்தோடு சாயத்தை இழுக்கும். ஃபென்டனுக்கும் ஊற்ற வேண்டிய அமிலம் கொஞ்சம்தான். சாயத்தொட்டியில் சேர்த்த அசிட்டிக் அமிலம் ஹைட்ராக்சிலில் ஒரு பங்கைத் தின்னும் என்பது மட்டும் கணக்கில் இருக்கட்டும்.

கருவி விற்க வருபவர் மெத்திலீன் நீலக் குடுவையோடு வந்தால், உங்கள் கருப்புச் சாயத் தொட்டியிலிருந்து உப்போடும் சோடாவோடும் ஒரு கேன் மொண்டு கொடுத்து அதில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நிறம் போன பிறகு சி.ஓ.டி.யும் அரோமாட்டிக் அமீன்களும் (சாயம் உடைந்து எஞ்சும், நஞ்சாகக்கூடிய துண்டுகள்) எவ்வளவு என்று கேளுங்கள்: அசோ பிணைப்பு உடைந்து நிறம் போன நீரில் அமீன் மிச்சமிருக்கலாம். அதே தூளை ஐந்தாம் முறை பயன்படுத்தியபோது எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.