மிஷன் இம்பாசிபிள் எட்டுப் படங்கள்: என் தரவரிசையும் ஆறாத ஒரு மனத்தாங்கலும்

மிஷன் இம்பாசிபிள் படங்களின் ப்ளூ-ரே தட்டுகள் விலை குறைந்திருக்கின்றன, எட்டையும் வாங்கிவிடலாமா, அல்லது நல்லதாக நாலைந்து மட்டும் போதுமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். பல ஆண்டுகளாக இவற்றை வீட்டில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்து வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கதைச் சுருக்கமோ, டாம் குரூஸ் எந்தப் படத்தில் எங்கிருந்து குதித்தார் என்ற பட்டியலோ இங்கே வராது. அவை எல்லோருக்கும் தெரிந்தவை. ஏழாவது படமான டெட் ரெக்கனிங்கின் முக்கியமான திருப்பத்தைப் பற்றி மறைக்காமல் பேசப்போகிறேன் என்பதால், அதை இன்னும் பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

இந்தப் படங்களை அடிக்கடி பார்ப்பவர்களுக்கு முதலில் தேய்ந்துபோவது சாகசக் காட்சிகளின் பிரமிப்புதான். 2011இல் வந்த கோஸ்ட் புரோட்டோகாலில் புர்ஜ் கலீஃபாவின் கண்ணாடிச் சுவரில் ஏறியதைப் பார்த்து உள்ளங்கை வியர்த்தது உண்மை. இன்றோ, அதே இடத்தில் முகமூடி செய்யும் இயந்திரம் பழுதாகிவிட, சொந்த முகத்தை வைத்துக்கொண்டே இரண்டு தளங்களில் ஒரே நேரத்தில் இரு தரப்பையும் ஏமாற்ற வேண்டி வருகிறதே, அந்தக் காட்சிதான் என்னை இருக்கையில் பிடித்து வைக்கிறது. 1996இல் வந்த முதல் படத்தில் ரயிலைத் துரத்தி ஹெலிகாப்டர் சுரங்கத்துக்குள் நுழையும் இறுதிக்காட்சிக்கு வயதாகிவிட்டது. ஆனால் லாங்லி சிஐஏ தலைமையகத்தில் பின்னணி இசையே இல்லாமல் பிரையன் டி பால்மா எடுத்த திருட்டுக் காட்சியில், கீழே விழப்போகும் வியர்வைத் துளியை டாம் குரூஸின் பாத்திரமான ஈத்தன் கையால் தாங்கிப் பிடிக்கும்போது இப்போதும் நான் மூச்சு விடுவதில்லை.

சாகசம் தேய்ந்தபின் நிலைத்து நிற்பவர்கள் மனிதர்கள். இந்த வரிசையில் அப்படி நின்றவர் 2015இல் ரோக் நேஷனில் அறிமுகமான உளவாளி இல்சா ஃபாஸ்ட். கிறிஸ்டோபர் மெக்குவாரி எழுதி இயக்கிய அந்தப் படத்தில் இல்சாவாக ரெபெக்கா ஃபெர்குசன் வந்த பிறகுதான், ஈத்தனுக்குச் சமமாக ஒருவர் எதிரே நிற்கிறார் என்ற உணர்வே வந்தது. வியன்னா ஓபெரா அரங்கில் டூராண்டோ நடந்துகொண்டிருக்க, சுட வேண்டிய நொடி இசைக்குறிப்புத் தாளில் குறிக்கப்பட்டிருக்க, மஞ்சள் உடையில் துப்பாக்கியோடு அவர் காத்திருப்பதைக் கவனித்துப் பாருங்கள். யாருக்காகச் சுடப்போகிறார் என்பது ஈத்தனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பிறகு கூரையிலிருந்து தப்பி இறங்கும் அவசரத்திலும் தன் காலணிகளைக் கழற்றிவிடும்படி ஈத்தனிடம் நிதானமாகக் கேட்கிறார். அந்த ஒரு கோரிக்கையில் அவர் எப்பேர்ப்பட்டவர் என்பது முழுவதும் தெரிந்துவிடுகிறது. மொராக்கோவில் நீருக்கடியில் உயிர்போகும் நிலையில் இருந்த ஈத்தனை மீட்பதும் அவரே, மீட்ட கையோடு திருடிய தரவை எடுத்துக்கொண்டு ஓடுவதும் அவரே. 2018இல் வந்த ஃபாலவுட்டில், பாரிஸ் கழிப்பறைச் சண்டையை ஒரே தோட்டாவில் முடித்துவைத்ததும், காஷ்மீர் குடிசையில் தூக்குக் கயிற்றில் துடித்த ஈத்தனின் கூட்டாளி பென்ஜியைக் காப்பாற்றியதும் அவர்தான்.

இத்தகைய ஒரு பாத்திரத்தை 2023இல் வந்த டெட் ரெக்கனிங் வெனிஸ் பாலம் ஒன்றின்மேல் வில்லன் கேப்ரியலின் கத்திக்குக் கொடுத்துவிட்டது. பாத்திரம் சாகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. உளவாளியின் கதையில் சாவுக்கு எப்போதும் இடம் உண்டு. அதைச் செய்த விதம்தான் என்னால் இன்றுவரை ஏற்க முடியாதது. படத்தின் தொடக்கத்திலேயே பாலைவனத்தில் அவர் இறந்துவிட்டதாக ஒரு நாடகம் ஆடிக் காட்டிவிடுகிறார்கள். முகமூடிகளாலேயே கட்டப்பட்ட ஒரு படவரிசையில் அப்படி ஒருமுறை ஏமாற்றிவிட்டு, பிறகு உண்மையான சாவைக் காட்டினால் பார்ப்பவன் எப்படி நம்புவான்? முதல்முறை பார்த்தபோது மீதிப் படம் முழுவதும் அவர் திரும்பி வருவார் என்று காத்திருந்தேனே தவிர, துக்கப்படவில்லை. துக்கப்பட வேண்டும் என்று புரிந்தபோது படம் முடிந்திருந்தது. அதைவிட மோசம், இல்சா, அந்தப் படத்தில் புதிதாக வந்த திருடி கிரேஸ் இருவரில் ஒருவர் சாக வேண்டும் என்று கேப்ரியல் முன்கூட்டியே அறிவிப்பது. கிரேஸுக்கு இடம் வேண்டும் என்பதற்காகவே இல்சாவை அகற்றினார்கள் என்ற எண்ணம் அதனால் எனக்குள் உறுதிப்பட்டுவிட்டது. கிரேஸாக நடித்த ஹேலி ஆட்வெல்லின் மேல் எந்தக் குறையும் இல்லை; இருவரும் சேர்ந்து நின்றிருந்தால் அடுத்த படம் எவ்வளவு வளமாக இருந்திருக்கும்!

நியாயமாகச் சொன்னால், டெட் ரெக்கனிங் கைத்திறனில் இந்த வரிசையின் உச்சங்களில் ஒன்று. கைவிலங்கோடு மஞ்சள் ஃபியட் காரில் ரோம் நகர வீதிகளில் ஓடுவதைப் போன்ற கலகலப்பான துரத்தல் மற்ற ஏழிலும் இல்லை. வெனிஸின் ஆள் அகலச் சந்தில் நடக்கும் சண்டை அபாரம். பாலம் தகர்ந்தபின் ரயில் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் சரிய, ஈத்தனும் கிரேஸும் பெட்டிக்குப் பெட்டி மேலேறித் தப்பும் இறுதிக்கட்டத்தை விஞ்சிய ஒன்றை அண்மை ஆண்டுகளின் அதிரடிப் படங்களில் நான் பார்க்கவில்லை. விளம்பரங்களில் பலமுறை காட்டப்பட்ட நார்வே மலை முகட்டு மோட்டார் சைக்கிள் பாய்ச்சலைவிட இது பல மடங்கு மேல்.

இருந்தும் என் வரிசையில் அந்தப் படத்துக்குக் கடைசி இடம். முதலிடம் ரோக் நேஷனுக்கு; அடுத்து 1996 படம்; பெரும்பாலான ரசிகர்கள் முதலில் வைக்கும் ஃபாலவுட் எனக்கு மூன்றாவது. கோஸ்ட் புரோட்டோகால் நான்காவது. ஃபிலிப் சீமோர் ஹாஃப்மன் என்ற ஒரே மனிதரின் வில்லத்தனத்துக்காக மூன்றாம் படத்துக்கு ஐந்தாமிடம். நீர்மூழ்கிக் கப்பல் காட்சிக்காகவும், முதல் படத்தின் லாங்லி அறையில் வேலைபார்த்த டன்லோவை இத்தனை ஆண்டுகள் கழித்துத் தேடிக் கொண்டுவந்த அக்கறைக்காகவும் எட்டாவது படமான ஃபைனல் ரெக்கனிங்குக்கு ஆறாமிடம். முதல் ஒரு மணி நேர விளக்கப் பேச்சு இல்லாவிட்டால் இன்னும் மேலே போயிருக்கும். புறாக்கள் பறக்கும் ஜான் வூவின் இரண்டாம் படம் 2000ஆம் ஆண்டில் உலகிலேயே அதிகம் வசூலித்தது, ஆனால் கதையில் பலமில்லை. என்றாலும் அது எனக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. டெட் ரெக்கனிங்கோ, எனக்கு மிகப் பிடித்த ரோக் நேஷனையே கெடுத்துவிட்டது. அதன் முடிவுக்குச் சற்று முன் லண்டனில், எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்காவது போய்விடலாம் என்று இல்சா ஈத்தனிடம் சொல்லும் காட்சி வரும்போதெல்லாம் வெனிஸ் பாலம்தான் கண்முன் வருகிறது.

ஆகவே நண்பருக்குச் சொல்வது இதுதான். முதல் படம், கோஸ்ட் புரோட்டோகால், ரோக் நேஷன், ஃபாலவுட் ஆகியவற்றைத் தயங்காமல் வாங்குங்கள். எட்டாவதும் வேண்டுமென்றால் ஏழைத் தாண்டிப் போக வழியில்லை. என்டிட்டி என்ற செயற்கை நுண்ணறிவு எதிரி யார், எல்லோரும் தேடும் சாவி எதைத் திறக்கும் என்பதெல்லாம் அதில்தான் சொல்லப்படுகின்றன.